மீன்பிடி உரிமை: ஒரு சொல்லின் வரலாறு

பஞ்சாங்கம் மீனராசி என்று குறிப்பதனை இலத்தீன் மொழியார் ‘பிஸ்கேஸ்’ என்றனர். அம்மொழியில் ‘பிஸ்கிஸ்’ என்றால் மீன். பிஸ்கேஸ் அதன் பன்மை. ஆங்கிலத்தின் ‘ஃபிஷ்’ என்பதும் அதே குலத்துச் சொல்லேயாகும். இலத்தீனில் ‘பாட்டெர்’ எனப்படும் தந்தை ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’ என நிற்பதும் இவ்வொலி மாற்றத்திற்குச் சான்று.

இவ்வேரிலிருந்து இடைக்கால இலத்தீனில் ‘பிஸ்காரியா’ என்னும் சொல்லும், ஆங்கிலச் சட்ட நூல்களில் ‘பிஸ்கரி’ என்னும் சொல்லும் தோன்றின. பிறருக்குரிய நீரில் மீன் பிடிக்கும் உரிமை என்பதே பிஸ்கரியின் பொருள். நீருக்கு உடையவன் ஒருவன் ஏற்பட்ட பின்னரே இத்தகைய சொல்லுக்குத் தேவை உண்டாகும்.

உரோமர் சட்டம் வேறு வகையாகக் கூறிற்று. கி.பி. 533 இல் யுஸ்டினியன் பேரரசன் வெளியிட்ட சட்டநூல், ஆறுகள் பொதுவுடைமை என்றும், அவற்றில் மீன் பிடிக்கும் உரிமை யாவர்க்கும் உண்டென்றும் உரைக்கின்றது. அச்சட்டத்தின் வழிவந்த உரோம-டச்சுச் சட்டமே இலங்கையின் பொதுச் சட்டமாக விளங்குகின்றது.

தமிழகத்திலும் இவ்வுரிமைக்குப் பெயர் உண்டு. ஏரி குளங்களில் மீன் பிடிப்பதற்கான குத்தகையைக் கல்வெட்டுகள் ‘பாசிப்பாட்டம்’ என்கின்றன. கோடையில் நீர் வற்றியதும் ஊரார் கூடிக் கண்மாயில் மீன் பிடிக்கும் வழக்கம் மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் இன்றும் உளது.

அத்தகைய ஊர்களிலிருந்து சென்றவர்களே பதுளை மலைகளில் கோப்பியும், பின்னர் தேயிலையும் வளர்த்த தொழிலாளர்களுட் பலர். அவர்கள் சென்ற நாட்டில் நிலத்தின் உடைமை முன்னரே மாறத் தொடங்கியிருந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியன என்று கொண்டது. அவ்வாறு முடிக்குரியனவான நிலங்கள் பல விற்பனையாகித் தோட்டங்களாயின.

1880களில் ஐரோப்பியர் டிரவுட் என்னும் குளிர்நீர் மீனின் முட்டைகளைக் கடல் கடந்து கொணர்ந்து மலைநாட்டு ஓடைகளில் வளர்க்க முற்பட்டனர். ஊவாவின் எல்லையில், ஓகியாவுக்கு மேலுள்ள ஹோட்டன் சமவெளி ஓடைகளில் வானவில் டிரவுட் நிலைபெற்றது. தூண்டில் துரைமார்க்குப் பொழுதுபோக்காயிற்று. லயத்தில் வாழ்ந்தவர்க்கோ மீன் என்றால் பெரும்பாலும் கருவாடு. நீர் என்றால் பீலித் தண்ணீர்.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். எஞ்சியிருந்தோர்க்கு வழி திறந்தது 2003 ஆம் ஆண்டின் சட்டம். ஆயினும் தாம் குடியிருக்கும் நிலத்தின் உறுதிப்பத்திரம் பலர்க்கு இன்னும் கிட்டவில்லை.

பதுளு ஓயா தேயிலைச் சரிவுகளின் நீரையெல்லாம் திரட்டித் துன்ஹிந்த அருவியாய் வீழ்ந்து மகாவலியை அடைகின்றது. ஆறு பொதுவென்று உரோமர் சொன்னார்கள். அதன் கரையில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களோ, நிற்கும் மண்ணில் ஒரு முழமும் தமதென்று சொல்ல இயலாதிருந்தார்கள்.