மோட்டார் பந்தயத்தில் எச்சரிக்கையும் தண்டனையும்

மோட்டார் பந்தயத்தில் விதி மீறும் வீரர்களுக்கு எச்சரிக்கை, கண்டனம், அபராதம், நேரத் தண்டனை, தகுதிநீக்கம், தடை எனப் பல படிகளில் தண்டனை உண்டு. எதிராளியை இடித்துத் தள்ளுவது, மஞ்சள் கொடி காட்டும்போது முந்துவது, தடத்தை விட்டு வெளியேறி நேரம் மிச்சம் பிடிப்பது, அதிகாரிகளை அவமதிப்பது எல்லாமே இதில் அடங்கும். தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயத்தின் தொடக்கக் களம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது.

செங்குன்றத்தைத் தாண்டி கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் ஜி.என்.டி. சாலையில் உள்ள ஊர் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே கைவிடப்பட்டுக் கிடந்தது. 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் தளமாக்கியது. கார், மோட்டார் சைக்கிள் இரண்டும் அங்கே ஓடின. பந்தய நாட்களில் சென்னையிலிருந்து பெருங்கூட்டம் திரண்டது. விமானத்துக்காகப் போட்ட தளம் என்பதால் அதற்கென்று இயல்பான வளைவுகளோ ஓரங்களோ கிடையாது. எங்கே திரும்ப வேண்டும் என்பதை அமைப்பாளர்கள்தான் குறித்துக் காட்ட வேண்டும். வளைவைக் குறுக்கே வெட்டிச் செல்பவரைத் தடுக்கச் சுவரோ சரளை மண்ணோ இல்லாத இடத்தில் ஒழுங்கு முழுவதும் ஓரத்தில் நின்ற மார்ஷல் என்ற தட அலுவலரின் கண்ணையும் கையிலிருந்த கொடியையும் நம்பியிருந்தது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீள நிரந்தரத் தடம் திறக்கப்பட்ட பிறகு பந்தயம் அங்கே குடியேறியது.

கொடிகளில் கவனிக்க வேண்டியது, மூலைக்கு மூலை சாய்வாகப் பிரிந்து பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக இருக்கும் கொடி. ‘உன் நடத்தையைப் பார்த்துவிட்டோம், இனித் திருத்திக்கொள்’ என்பதே அதன் பொருள். வீரரின் கார் எண்ணும் கூடவே காட்டப்படும். ஒருவருக்கு ஒரு முறைதான் காட்டுவார்கள். முழுக் கறுப்புக் கொடி வந்துவிட்டால் பிட் எனப்படும் அணிகளின் பணிப் பகுதிக்குத் திரும்பியே ஆக வேண்டும். பெரும்பாலும் அவருக்குப் பந்தயம் அதோடு முடிந்தது. ஆரஞ்சு வட்டம் போட்ட கறுப்புக் கொடி வேறு வகை. அது வண்டியில் ஏற்பட்ட ஆபத்தான பழுதைக் குறிக்குமே தவிர, ஓட்டுபவரின் குற்றத்தை அல்ல.

தீர்ப்பு சொல்வது ஸ்டூவர்டுகள் எனப்படும் நடுவர்கள். மார்ஷல் அனுப்பும் குறிப்பு, வீடியோ, வண்டியின் தரவுகள் ஆகியவற்றை வைத்து அவர்கள் முடிவெடுக்கிறார்கள். தற்காலிக முடிவு ஒட்டப்பட்ட 30 நிமிடத்துக்குள் மற்ற போட்டியாளர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஸ்டூவர்டுகளின் தீர்ப்பை ஏற்காதவர் மேல்முறையீடு செய்ய விரும்பினால் ஒரு மணி நேரத்துக்குள் அதைச் சொல்லியாக வேண்டும். ஓட்டத்தின் நடுவே விதிக்கும் பிட் லேன் தண்டனை போன்ற சிலவற்றுக்கு மேல்முறையீடே கிடையாது. இந்தியாவில் உரிமம் வழங்குவதும் பறிப்பதும் 1971-இல் தொடங்கிய எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற தேசியக் கூட்டமைப்பின் கையில் உள்ளது. அதன் தலைமையகம் சென்னையில்தான். அங்கீகாரமில்லாத பந்தயத்தில் ஓடினாலே உரிமம் பறிபோகலாம் என்பது சர்வதேச விளையாட்டு விதித்தொகுப்பின் பழைய பிரிவுகளில் ஒன்று.

ஒரு காலத்தில் தண்டனை என்றால் பெரும்பாலும் பணமும் தடையும்தான். 1989 போர்ச்சுகல் ஃபார்முலா 1 பந்தயத்தில் நைஜல் மான்செல் பிட் லேனில் பின்னோக்கி ஓட்டினார். கறுப்புக் கொடி காட்டிய பிறகும் ஓடிக்கொண்டே இருந்து அயர்டன் சென்னாவோடு மோதினார். 50,000 டாலர் அபராதமும் ஒரு பந்தயத் தடையும் கிடைத்தன. ஆனால் அவரால் பந்தயத்தை இழந்த சென்னாவுக்கு அந்தப் பணத்தால் எதுவும் திரும்பி வரவில்லை. குற்றம் நடந்த ஓட்டத்திலேயே விலை வசூலிக்க வேண்டும் என்ற எண்ணம் மெல்ல வலுத்தது. 1990-களில் பிட்டில் நிறுத்திப் புறப்படச் செய்யும் தண்டனையும், 2002-இல் பிட் லேன் வழியே மெதுவாகக் கடந்து போகும் தண்டனையும், 2014-இல் ஐந்து வினாடித் தண்டனையும் வந்தன. பந்தயத் தண்டனைகளின் வரலாற்றில் உண்மையான முன்னேற்றம் இதுவே.

இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 வீரரான கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயனும் இந்த விதிகளின் கடுமையை அனுபவித்தவர். 2011 அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரியில், தகுதிச்சுற்றின்போது மைக்கேல் ஷூமாக்கருக்கு இடையூறாக இருந்ததற்காகச் சொந்த மண்ணிலேயே ஐந்து இடங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் மலேசியாவின் செபாங்கில் மழை பெய்து பந்தயம் தலைகீழானபோது, மிக வேகம் குறைந்த எச்.ஆர்.டி. அணியின் காரில் சிறிது நேரம் பத்தாவது இடத்தில் ஓடினார். இறுதிக் கட்டத்தில் அவரை ஒரு சுற்று முந்திச் சென்ற செபாஸ்டியன் வெட்டலின் டயர் அவர் காரில் பட்டுக் கிழிந்தது. வெட்டல் அவரை வெள்ளரிக்காய் என்று இகழ்ந்தார். ஸ்டூவர்டுகள் கார்த்திகேயனுக்கு 20 வினாடி தண்டனை கொடுத்தார்கள். பிட் லேன் தண்டனையை நிறைவேற்ற ஓட்டத்தில் நேரம் மிச்சமில்லாதபோது அதற்கு ஈடாகச் சேர்ப்பதுதான் இந்த 20 வினாடி. புள்ளிகளுக்கு வெகு தூரத்தில் இருந்த ஒருவருக்கு அதனால் பெரிய இழப்பு இல்லை. இகழ்ச்சிதான் மிஞ்சியது, அந்த இகழ்ச்சி அநியாயமானது.

அதே வெட்டல் 2013-இல் நொய்டாவில் நான்காவது முறையாக உலகப் பட்டம் வென்ற களிப்பில், பார்வையாளர் மாடத்தின் முன் காரை வட்டமடித்துப் புகை கிளப்பினார். விதிப்படி கார் நேராகக் குறிப்பிட்ட இடத்துக்குப் போயிருக்க வேண்டும். அவருக்குக் கண்டனமும் அவருடைய ரெட் புல் அணிக்கு 25,000 யூரோ அபராதமும் கிடைத்தன.

2014 முதல் ஃபார்முலா 1-இல் உரிமத்தின் மேல் குற்றப் புள்ளிகள் ஏறுகின்றன. 12 மாதத்துக்குள் 12 சேர்ந்தால் ஒரு பந்தயத் தடை. பத்தாண்டு கழித்து 2024-இல்தான் கெவின் மாக்னுசன் அந்த எல்லையை முதலில் தொட்டு அஜர்பைஜான் பந்தயத்தை இழந்தார். மோட்டார் சைக்கிளில் இன்னும் கொடிய சம்பவம் 2018-இல் இத்தாலியின் மிசானோவில் நடந்தது. மோட்டோ 2 பந்தயத்தில் முழு வேகத்தில் ஓடும்போதே ரொமானோ ஃபெனாட்டி கையை நீட்டிப் பக்கத்து வீரரின் பிரேக் லீவரைப் பிடித்து அழுத்தினார். உடனே கறுப்புக் கொடி, பிறகு இரண்டு பந்தயத் தடை. அணியும் அவரைக் கைவிட்டது. 2020-இல் லொனாட்டோவில் நடந்த கார்ட் பந்தயத்தில் எதிராளியின் வண்டி மீது பம்பரைத் தூக்கி எறிந்த லூகா கோர்பெரிக்கு 15 ஆண்டுத் தடை. இத்தகைய செயல்களுக்கு வினாடிக் கணக்கு போதாது. உரிமத்தையே பிடுங்குவதுதான் சரி.

தட எல்லை மீறல் இன்று அதிகத் தலைவலி தரும் குற்றம். 2023 ஆஸ்திரிய ஃபார்முலா 1 பந்தயத்தில் 1,200-க்கும் மேற்பட்ட சந்தேக மீறல்களைப் பார்த்து முடிக்கப் பல மணி நேரம் பிடித்தது. முடிவுப் பட்டியலே மாறியது.

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் இறுதியில் இரவு விளக்கில் ஃபார்முலா 4 கார்கள் ஓடிய தெருப் பந்தயத்தில் நிலைமை வேறு. அங்கே தடத்தின் இரு ஓரமும் தடுப்புச் சுவர். தடம் தாண்டினால் கார் உடையும். ஆனால் அடுத்தவரைச் சுவரோரம் நெருக்கித் தள்ளும் குற்றம் அங்கே பல மடங்கு ஆபத்தானது. ஃபார்முலா 4 பதின்வயதினர் தொடங்கும் படிக்கட்டு. அவர்களில் பலருக்கு ஒரு பருவம் ஓடுவதற்குப் பணம் திரட்டுவதே பெரும்பாடு. பண அபராதம் வசதியுள்ளவனைத் தொடாது. இல்லாதவனைப் பந்தயத்தை விட்டே துரத்திவிடும். ஐந்து வினாடியும், அடுத்த ஓட்டத்தில் பின்வரிசையில் நிற்பதும் இருவருக்கும் ஒன்றுதான்.