துணிக்கு ஊர்ப்பெயர் இருந்த காலம்

பெருநாளுக்கென ஆடை வாங்கும் வழக்கத்தின் வரலாற்றை மதீனாவின் கடைவீதியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அங்கே பட்டு மேலங்கி ஒன்று விலைக்கு வந்திருக்கக் கண்ட ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள், அதை எடுத்துக்கொண்டு நபி பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். பெருநாளன்றும், தூதுக் குழுவினரை வரவேற்கும் வேளைகளிலும் அணிந்துகொள்ள இதை வாங்கிக்கொள்ளலாமே என்றார்கள். மறுமையில் பங்கில்லாதோரின் உடை அது என்று கூறிப் பெருமானார் மறுத்துவிட்டார்கள். புகாரி ஷரீஃபில் இரு பெருநாட்கள் பற்றிய பாடத்தில் இடம்பெறும் செய்தி இது. மறுக்கப்பட்டது பட்டுதான், திருநாளுக்கு நல்லுடை தேடும் எண்ணம் மறுக்கப்படவில்லை என்பதை அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

பட்டு பெண்களுக்கு ஆகும், ஆண்களுக்கு ஆகாது. இந்த விதியிலிருந்து ஒரு துணியே பிறந்தது. அதன் பெயர் மஷ்ரூ. ஷரீஅத்தில் அனுமதிக்கப்பட்டது என்பது அதன் பொருள். பாவு பட்டு, ஊடை பருத்தி. ஊடை நூல் ஒரு பாவிழைக்கு மேலும் பல இழைகளுக்குக் கீழும் செல்லும்படி நெய்வதால், வெளிப்புறத்தில் பட்டின் பளபளப்பும் உடலைத் தொடும் உட்புறத்தில் பருத்தியும் அமையும். வெப்பமிகுந்த நாட்டில் வியர்வையை உறிஞ்சும் நன்மையும் உடன் சேர்ந்தது. பாவு பட்டானாலும் ஊடை வேறு நூலானால் ஆகும் என்பது ஹனஃபி சட்ட நூல்களின் முடிவு. ஷாஃபிஈ மத்ஹபினரோ எடையை நோக்குவர். பட்டின் எடை மிகுந்துவிட்டால் கூடாது என்பர். கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் மிகுந்து வாழும் நம் தமிழகத்தில், ஒரே துணியை முன்வைத்து இரு ஊர்க்காரர்கள் வாதாட இடமுண்டு!

குஜராத்தின் பாட்டனிலும், கச்சு நாட்டு மாண்ட்வியிலும், தக்காணத்து ஔரங்காபாத்திலும் இத்துணி நெய்யப்பட்டது. துருக்கி வரை கப்பலேறிற்று. இருபதாம் நூற்றாண்டில் பாவிலிருந்த பட்டின் இடத்தைச் செயற்கைப் பட்டு பிடித்துக்கொண்டது. இன்று அதை நெய்யும் தறிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. வாங்குவோர் மறந்தார்கள், தறிகள் நின்றன. வேறு மர்மம் எதுவும் இதில் இல்லை.

மஷ்ரூ சட்டத்தின் பெயரைத் தாங்கியது. மற்றத் துணிகளில் பலவும் தாம் பிறந்த ஊரின் பெயரைத் தாங்கின. மஸ்லின் என்னும் பெயரில் இராக்கின் மூஸில் நகரம் இருக்கிறது. காலிகோ என்னும் பெயரில் நம் அண்டையிலுள்ள கோழிக்கோடு இருக்கிறது. நம் வீட்டு ஆண்கள் பெருநாளன்று புதிதாக உடுத்தும் கைலிக்கும் அப்படி ஓர் ஊர்ப்பெயர் உண்டு. அது பழவேற்காடு.

பழவேற்காடு என்றால் இன்று ஏரியும் பறவைகளும் மீனவர்களுமே நினைவுக்கு வருவர். துணியை நினைப்பவர் அரியர். ஒரு காலத்தில் அத்துறைமுகத்தின் உயிரே துணியாக இருந்தது. போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்த காலத்திலேயே இங்கிருந்து சென்ற துணிகள் அந்நகரச் சந்தையில் விலைபோயின. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தவை கிழக்குத் தீவுகளின் மிளகும் கிராம்பும். அத்தீவினரோ சோழமண்டலக் கரையின் கட்டம்போட்ட துணிகளையும் சாயத்துணிகளையும் விரும்பிக் கேட்டார்கள். ஆகவே துணியைக் கொடுத்து நறுமணப் பொருளை வாங்குவது வணிக முறையாயிற்று. டச்சுக்காரர்களுக்கு முன்பும் பின்பும் அக்கடலில் துணி ஏற்றிச் சென்றவர்களுள் நம் மரைக்காயர்களும் உண்டு. பினாங்கிலே 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அக்கரைக்குச் சென்று வாழ்ந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் செல்வாக்குக்கு இன்றும் சான்று.

மலாய் மக்கள் இக்கட்டத் துணிக்கு வைத்த பெயர் காயின் பெலிக்காட். காயின் என்றால் துணி; பெலிக்காட் என்பது பழவேற்காட்டின் திரிபு. ஜும்ஆவுக்கும் தொழுகைக்கும் பெருநாளுக்கும் அதை அணியும் மலாய்ச் சகோதரர் எத்தனையோ பேர். அச்சொல்லுக்குள் ஒரு தமிழ்நாட்டு ஊர் ஒளிந்திருப்பதை அவர்களும் அறியார். சொன்னால் நம்மவரே வியப்பர்.

அந்நாளில் இக்கரைத் துணிகளின் சிவப்பு, சாயவேரிலிருந்து வந்தது. இம்பூறல் என்று நம் வைத்தியர்கள் அழைக்கும் சிறு செடியின் வேர் அது. கடற்கரை மணலில் விளைந்தது. வேரைத் தோண்டுபவர், சாயம் தோய்ப்பவர், நூற்பவர், நெய்பவர் என்று ஒரு கைலிக்குள் பல குடும்பங்களின் சோறு இருந்தது. 1868இல் ஜெர்மானிய வேதியியலார் செயற்கை அலிசரின் சாயத்தைக் கண்டறிந்த பின்னர்ச் சாயவேருக்கு மதிப்புக் குன்றியது. நூலும் கடல் கடந்து ஆலையிலிருந்து வந்து இறங்கிற்று.

இவற்றிலும் விந்தையானது பெயர் களவுபோன கதை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தார் கட்டம்போட்ட கைக்குட்டைகளை நெய்து, அவற்றுக்குப் புலிக்காட் என்றே பெயரிட்டு விற்றார்கள். பழவேற்காட்டைக் கண்ணால் காணாத துணிக்குப் பழவேற்காட்டின் பெயர்! ஊரிலிருந்து பெயர் கழன்றுவிட்டால், நெய்தவனை யாரும் தேடமாட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்று அந்த ஊர்ப்பெயரும் போய்க் கடைப்பெயர் வந்துவிட்டது. பெருநாள் உடுப்பு எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டால், பெரிய கடை ஒன்றின் பெயரைச் சொல்கிறோம். எந்த ஊரில் நெய்தது என்று கேட்பாரில்லை. கேட்டாலும் கடைச் சிப்பந்திக்குத் தெரியாது. நானும் ஏமாந்தவன்தான். ஒரு பெருநாளுக்கு முன் பெயர்பெற்ற கடை ஒன்றில், கைத்தறி என்று சொன்னதை நம்பி நல்ல விலைக்குக் கைலி எடுத்தேன். வீட்டில் அதைப் புரட்டிப் பார்த்த என் தாயார், “இது நெய்த கட்டமில்லை வாப்பா, அச்சடித்த கட்டம்” என்றார்கள். மேற்புறம் பளிச்சென்றிருந்தது, பின்புறம் வெளிறிக் கிடந்தது. நெய்த கட்டமாயின் இரு புறமும் ஒரே நிறமாக இருக்கும். நான்கு சலவையில் அக்கைலி தன் வேடத்தைக் கலைத்தது. அதற்கு முன் என் தந்தையார் உடுத்திய கைலி நைந்த பிறகும் தூளியாகி, இரண்டு பிள்ளைகளைத் தாலாட்டியது.

சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிவைக்கும் சட்டத்தை நடுவண் அரசு 1985இல் இயற்றியது. கைலியும் அந்த ஒதுக்கீட்டில் இடம்பெற்றது. விசைத்தறியாளர்கள் எதிர்த்து வழக்காடியும் உச்ச நீதிமன்றம் 1993இல் அச்சட்டம் செல்லும் என்றது. ஆயினும் கடைவீதியில் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் உலவுவதை யாவரும் அறிவோம். 2019-20இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடெங்கும் சுமார் 35 இலட்சம் தொழிலாளர்கள் இருந்தனர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் அவர்கள் 43 இலட்சம். நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாக ஈட்டுவதாக அதே கணக்கு கூறுகிறது. ஒரு நிக்காஹுக்கு ஒருநாள் உடுத்திப் பெட்டியில் பூட்டும் சேலையின் விலையை இத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கைத்தறி விலை கூடுதல் என்பது உண்மை. பிள்ளைகள் ஐவருக்கும் உடுப்பு எடுக்க வேண்டிய ஏழைத் தகப்பன் மலிவுத் துணியை நாடினால் அவனைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஒரே கல்யாணத்துக்கு ஐந்து உடுப்பு மாற்றுகிற வசதி படைத்தோரிடம்தான் என் வழக்கு. ஐந்தின் விலையில் இரண்டை, நெய்தவரின் வாசலிலேயே வாங்கலாமே!

அதற்கான வழி அடைபட்டுவிடவில்லை. குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் கைலி நெய்வோர் இருக்கின்றனர். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. மதுரைச் சுங்குடியும் காஞ்சிபுரம் பட்டும் புவிசார் குறியீடு பெற்று, ஊர்ப்பெயரைச் சட்டத்தின் காவலில் வைத்திருக்கின்றன. ஒன்றே ஒன்று: தறிக்கு அவகாசம் வேண்டும். ரமலானின் கடைசிப் பத்தில் ஓடினால் கிடைப்பது, கடையில் அடுக்கிவைத்திருக்கும் சரக்குத்தான். நெய்து தரச் சொல்வோர் ரஜப் மாதத்திலேயே சொல்லிவைக்க வேண்டும். அளவும் நிறமும் கட்டமும் குறித்துக் கொடுத்துவிட்டு வந்தால், ஷஅபான் முடிவதற்குள் பாவு ஏறிவிடும். பெருநாளன்று ஈத்காவில் யாரேனும் துணியைத் தொட்டுப் பார்த்து எங்கே எடுத்தது என்று கேட்டால், அப்போது ஓர் ஊரின் பெயரைச் சொல்லலாம்.