கமகத்தைக் கரைக்காத சீராக்கல்: மிடிக் கட்டுப்பாட்டுச் செய்திகளும் விளாத்திகுளம் வட்டார இசை மரபும்

சிந்தசைசரில் ராகம் வாசிக்க முனைவோர் பலரும் ஒரு சிக்கலைச் சந்திக்கிறார்கள். பிட்ச் சக்கரத்தை மெல்ல உருட்டும்போது சுரம் இழைந்து செல்லாமல் படிக்கட்டுப் போலத் தாவுகிறது. வடிகட்டியின் குமிழைத் திருப்பினால் ‘ஜிப்பர்’ இரைச்சல் எழுகிறது. இதற்குக் கருவி செய்வோர் தரும் வழக்கமான மருந்து சீராக்கல். வந்து சேரும் எண்ணை உடனே ஏற்காமல், அதை நோக்கிக் கருவியை மெதுவாக நகரச் செய்வது அதன் வழி. கர்நாடக இசையைப் பொறுத்தவரை இந்த மருந்து அளவு மீறினால் நோயைவிடக் கேடு செய்யும் என்பதே இக்கட்டுரையின் வாதம். நீக்கப்பட வேண்டியது எண்களின் படிக்கட்டு மட்டுமே. வாசிப்பவரின் கையசைவு அப்படியே ஒலியைச் சென்றடைய வேண்டும். இவ்விரண்டையும் பிரித்துக்காட்டும் அளவுகோலாகக் கமகத்தின், அதாவது சுரத்தின் அசைவின், வேகத்தையே கொள்ள வேண்டும்.

1. கரிசல் மண் தரும் சான்று

இந்த அளவுகோலை வெளியே தேட வேண்டியதில்லை. விளாத்திகுளத்துக்கு அண்மையிலுள்ள எட்டயபுரத்தில் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சேறியது. அதை இயற்றிய சுப்பராம தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் பேரனும் சுவீகார மகனும் ஆவார். சுரங்களைப் பெயரளவில் எழுதுவதோடு அவர் நிற்கவில்லை. சுரத்தை ஆட்டும் கம்பிதத்துக்கு நெளிகோடு, சுரத்திலிருந்து சுரத்துக்கு இழையும் ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் சாய்கோடுகள், நொக்கு, ரவை, ஒடுக்கல், ஒரிகை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் என ஒவ்வொரு சுரத்தின் மேலும் அதன் அசைவைப் பதிந்தார். இன்றைய தொழில்நுட்பக் கண்ணால் பார்த்தால், சுர வரிசைக்கு மேலே ஓடும் கட்டுப்பாட்டுச் செய்தியின் தடம் அது. சுரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதோடு, இடையில் எந்த வழியாகப் போகிறது என்பதும் இசையின் உள்ளடக்கம் என்று அந்நூல் நிலைநாட்டியது.

அதே வட்டாரம் அடுத்த தலைமுறையில் விளாத்திகுளம் சுவாமிகளைத் தந்தது. காடல்குடி ஜமீன் குடும்பத்து உறவினரான நல்லப்ப சுவாமிகள் (1889–1965) ராக ஆலாபனைக்காகவே போற்றப்பட்டவர். எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அவருடைய இசையில் தோய்ந்தவர்கள். ஆலாபனையில் பாட்டின் சொல் துணைக்கு வராது, தாளம் தாங்காது. சுரத்தின் அசைவு ஒன்றே ராகத்தைக் காட்ட வேண்டும். எனவே எந்தக் கருவியும் கர்நாடக இசைக்கு ஏற்றதா என்று சோதிக்க ஆலாபனையைவிடக் கடுமையான களம் இல்லை. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்தபோது எழுந்த குற்றச்சாட்டுகளுள் ஒன்று, அக்கருவி கமகத்துக்கு இடம் தராது என்பது. சிந்தசைசர் அந்தக் குறையைத் தீர்க்கும் வல்லமை உடையது. கே. சத்யநாராயணன் கீபோர்டில் கர்நாடகக் கச்சேரிகள் நிகழ்த்திவருகிறார். ஏ. ஆர். ரஹ்மான் ‘தில்லி-6’ (2009) படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாடலில், விரல் வழுக்கும் பரப்பைக் கொண்ட கன்டினுவம் கருவியை வாசித்தார். இந்த வல்லமையை முறையற்ற சீராக்கல் பறித்துவிடக் கூடாது.

2. படிக்கட்டு எங்கிருந்து வருகிறது?

மின்னணு இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேச 1983இல் நடைமுறைக்கு வந்த மிடி நெறிமுறையில் சாதாரணக் கட்டுப்பாட்டுச் செய்திக்கு 128 படிகளே உண்டு. பிட்ச் வளைவுக்கு மட்டும் 16,384 படிகள். ஆனால் நெறிமுறை இடம் தந்தாலும், சக்கரத்தின் உணரி 128 நிலைகளையே அறியும் கருவிகள் பல உள்ளன. வளைவின் எல்லையை மேலும் கீழும் இரண்டு அரைச்சுரமாக வைத்தால், அத்தகைய சக்கரத்தின் ஒரு படி சுமார் 3 சென்ட். அரைச்சுரம் என்பது 100 சென்ட். எல்லையைப் பன்னிரண்டு அரைச்சுரமாக விரித்தால் ஒரு படி ஏறத்தாழ 19 சென்ட் ஆகிவிடும். அதைச் செவி தெளிவாகக் கேட்கும். ஆகவே முதல் திருத்தம் எல்லையைச் சுருக்குவது. ராகத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் எல்லையை விரித்துவிட்டு, பிறகு படிக்கட்டைச் சீராக்கலால் மறைப்பது தலைகீழ் வேலை.

இரண்டாவது காரணம் செய்திகளின் இடைவெளி. பழைய ஐந்து முனைக் கம்பியில் நொடிக்கு 31,250 பிட் செல்லும். மூன்று பைட் கொண்ட ஒரு செய்திக்கு ஏறக்குறைய ஒரு மில்லி நொடி ஆகிறது. அதே கம்பியில் சுரமும் அழுத்தமும் வளைவும் போட்டியிடும்போது, ஒரு வளைவுச் செய்திக்கும் அடுத்ததற்கும் இடையே 10 மில்லி நொடி விழுவது இயல்பு. ஒலி அந்த இடைவெளி முழுதும் அசையாமல் நின்று பின் தாவுகிறது.

3. வடிகட்டியின் விலை

மிக எளிய சீராக்கி, ஒரே நினைவு மதிப்புடன் இயங்கும் தாழ்அலை வடிகட்டி. நொடிக்கு ஆறு முறை ஆடும் ஒரு கம்பிதத்தை அதன் வழியே அனுப்புவோம். அசைவின் மொத்த அகலம் 200 சென்ட், அதாவது ஒரு முழுச்சுரம் என்று கொள்வோம். வடிகட்டி எவ்வளவு மெதுவாக நகரும் என்பதைக் காட்டும் நேர மாறிலி 5 மில்லி நொடியானால் அகலம் 197 சென்ட் ஆகிறது; இழப்பு பொருட்டன்று. 20 மில்லி நொடியானால் அகலம் 160 சென்டாகச் சுருங்கி, அசைவும் 17 மில்லி நொடி பிந்துகிறது. 50 மில்லி நொடியானால் எஞ்சுவது 94 சென்ட் மட்டுமே. பிந்துவது 29 மில்லி நொடி. முழுச்சுர அகலத்தில் ஆடிய கை அரைச்சுரம்கூட ஆடாதது போல் ஒலிக்கிறது.

தோடியின் காந்தாரத்தில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தின் பக்கமும் மத்திமத்தின் பக்கமும் தொட்டு மீளும் அசைவிலேயே பிறக்கிறது. அசைவு பாதியானால் நடுவில் ஒரு தட்டையான சுரம் எஞ்சும், தோடி எஞ்சாது. சுருதி பிசகவில்லை, தாளம் தவறவில்லை, ஆனாலும் ராகம் இல்லை என்ற நிலை இது. கையில் குறை தேடும் மாணவர் இங்கே வீணாகச் சாதகத்தைக் கூட்டுவார். குறையோ அமைப்புப் பக்கத்தில் ஓர் எண்ணில் இருக்கிறது. வெளியே ஒரு மென்பொருளும் சிந்தசைசரின் உள்ளே ஒரு சீராக்கியும் ஒருங்கே இயங்கினால் இழப்பு மேலும் பெருகும்.

இதற்கு மாற்று உண்டு. அடுத்தடுத்த இரண்டு செய்திகளை நேர்கோட்டால் இணைத்தால், 10 மில்லி நொடி இடைவெளியில் அதே கம்பிதம் 198 சென்ட் அகலத்தோடு வெளிவரும். தாமதம் 10 மில்லி நொடிதான். படிக்கட்டு மறைகிறது; கமகம் நிற்கிறது.

4. வேகம் அறியும் வடிகட்டியும் அதன் குருட்டுப் புள்ளியும்

கை நடுக்கமும் உணரியின் இரைச்சலும் உண்மையானவை. அவற்றை நேர்கோடு மட்டும் நீக்காது என்ற மறுப்பு நியாயமானது. அதற்கு விடையாக 2012இல் கேஸியே, ரூசெல், வோகல் ஆகிய மூவரும் ‘ஒன் யூரோ’ வடிகட்டியை முன்வைத்தார்கள். கை மெதுவாக நகரும்போது அது இறுக்கமாக வடிகட்டும். வேகம் கூடினால் தன்னைத் தளர்த்திக்கொள்ளும். நெடிய ஜாருவுக்கு இது பொருந்தும்.

கம்பிதத்துக்கு இதை அப்படியே பயன்படுத்தலாகாது. இவ்வடிகட்டி வேகத்தையே முதலில் ஒரு ஹெர்ட்ஸ் அளவில் சீராக்கிப் பிறகுதான் அதன் குறியை நீக்குகிறது. கம்பிதத்தில் வேகம் மேலும் கீழுமாக மாறிமாறிக் குறி மாற்றுவதால், நொடிக்கு ஆறு ஆட்டத்தின் வேகம் அதன் கண்ணுக்கு ஆறில் ஒரு பங்காகவே தெரிகிறது. மிகச் சுறுசுறுப்பான கையை அது ஓய்ந்த கையென்று எண்ணி இறுக்குகிறது. வரிசையை மாற்றி, முதலில் குறியை நீக்கி, பிறகு வேகத்தைச் சீராக்கினால் ஆட்டம் நீடிக்கும் வரை வடிகட்டி திறந்தே இருக்கும். கை உண்மையில் நின்ற பிறகே இறுகும். நிரலில் இது மிகச் சிறிய மாற்றம்.

5. முடிவு

எல்லாக் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கும் ஒரே சீராக்கல் அளவு பொருந்தாது. ஒலியளவும் வடிகட்டிக் குமிழும் 20 மில்லி நொடிச் சீராக்கலைப் பெரும்பாலும் தாங்கும். பிட்ச் வளைவின் வடிகட்டிக்கு நேர மாறிலியில் 5 மில்லி நொடியை மேல்வரம்பாகக் கொள்ள வேண்டும். அந்த வடிகட்டலுக்கு முன் நேர்கோட்டு இணைப்பையே நாட வேண்டும். 2020இல் வந்த மிடி 2.0 கட்டுப்பாட்டுச் செய்திகளை 32 பிட்டாக விரித்ததால் படிக்கட்டுச் சிக்கல் நெறிமுறையளவில் நீங்கிவிட்டது. ஆனால் நேர மாறிலியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மனிதரிடமே உள்ளது. நம் இசைக் கல்லூரிகளில் மின்னணுக் கருவி கற்பிப்போர், ஒவ்வொரு கருவியிலும் ஒரு கம்பிதத்தை வாசித்துப் பதிந்து, உள்ளே சென்ற அகலத்தையும் வெளிவந்த அகலத்தையும் ஒப்பிட்டுக் காட்டுவதைப் பாடத்தின் பகுதியாக்க வேண்டும். சுப்பராம தீட்சிதர் காகிதத்தில் காக்க முயன்ற அசைவை மின்கம்பியிலும் காப்பதற்கு அந்த ஒப்பீடே முதல் கருவி.