எந்தக் கடனுக்கு வரவு?

கும்பகோணத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பழைய கட்டைப் பிரித்தால் புரோநோட்டின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். வரவு எழுதுவது அங்கேதான். அறுவடை முடிந்து குடியானவன் கொண்டுவந்து கொடுத்ததெல்லாம் ‘வட்டிக்கு வரவு’ என்றே ஏறியிருக்கும்; அசல் அசையாது. அதன் கீழே அவன் போட்ட கையெழுத்து, மூன்று வருடத்தில் காலாவதியாக வேண்டிய நோட்டுக்கு மேலும் மூன்று வருடம் ஆயுள் கொடுத்துவிடும்.

1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் கடனாளியைக் கைவிட்டுவிடவில்லை. ஒருவரிடமே பல கடன் இருந்தால், கட்டும் பணம் எதற்கு என்று கட்டுகிறவனே சொல்லலாம் என்கிறது 59-ஆவது பிரிவு. அவன் சொல்லாவிட்டால் கடன் கொடுத்தவர் இஷ்டம். காலாவதியான நோட்டுக்குக்கூட வரவு வைத்துக்கொள்ளலாம். இருவரும் சொல்லாவிட்டால் தேதி வரிசை. ஆனால் மிராசுதாரின் திண்ணைக்குக் கீழே நிற்கிற, எழுத்தறியாத மனிதன், “இதை இரண்டாவது நோட்டுக்கு வையுங்கள்” என்று எப்படிச் சொல்லுவான்?

சென்னை மாகாணத்தின் கிராமக் கடன் 45 கோடி ரூபாய் என்று 1895-இல் அரசு அதிகாரி நிக்கல்சன் மதிப்பிட்டார். 1935-இல் இன்னொரு அதிகாரி சத்தியநாதன் சொன்ன கணக்கு 200 கோடி. இடையில் நெல் விலை சரிந்திருந்தது, வட்டி சரியவில்லை.

1938-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் முதலில் வட்டி, பிறகுதான் அசல் என்ற வரிசையையே புரட்டிப்போட்டது. 1932 அக்டோபர் 1-க்கு முந்திய கடனில், 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டி முழுக்கத் தள்ளுபடி. அசலாகவோ வட்டியாகவோ அசலைப்போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. 500 ரூபாய்க் கடனுக்கு, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி வீதம் பதினேழு வருடம் கட்டியவன் 1,020 ரூபாய் கொடுத்திருப்பான். பழைய வழக்கப்படி 500 ரூபாயும் பாக்கி. புதிய சட்டப்படி காலணா பாக்கியில்லை.

கடன் கொடுத்தவர்களிலும் ஏழைகள் உண்டு. வேறு சொத்தில்லாத பெண்களுக்கு வரவேண்டிய கடனில், அசல் 3,000 ரூபாய்க்கு மேற்படாதவற்றைச் சட்டம் தொடவில்லை. கைம்பெண்களின் ஜீவனத்தை நினைத்துப் பார்த்துச் செய்த காரியம் அது. அதற்காகவே அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

ஒப்பந்தச் சட்டத்தின் அந்தப் பிரிவுகள் இன்றும் அமலில் இருக்கின்றன. ஒரே இடத்தில் இரண்டு மூன்று கடன் வைத்திருப்பவர்கள், பணம் கட்டும்போதே எந்தக் கடனுக்கு என்று எழுதிக் கொடுங்கள். ரசீதிலும் அப்படியே எழுதி வாங்குங்கள்.