கிம்மியின் பத்து நொடிகள்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் நம்பிக்கைக்கார நாயகிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நான் 1970இல் இருந்துதான் தொடங்குவேன். அந்த ஆண்டு சி.பி.எஸ். சேனலில் ‘தி மேரி டைலர் மூர் ஷோ’ வந்தது. நாயகி மேரி ரிச்சர்ட்ஸுக்கு முப்பது வயது, கல்யாணமாகவில்லை. மினியாபோலிஸ் நகரின் செய்தி அறை ஒன்றில் வேலைக்குச் சேர்கிறாள். அவளை விவாகரத்தானவளாகக் காட்டத்தான் முதலில் யோசித்தார்கள். சேனல் ஒப்பவில்லை. முந்தைய தொடரில் கணவராக நடித்த டிக் வான் டைக்கையே அவர் விட்டுவிட்டதாக ஜனங்கள் நினைத்துவிடுவார்களோ என்ற பயமும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். சிரிப்பு வருகிறது இல்லையா? கடைசியில் அவள் காதல் முறிந்தவள் ஆனாள்.

சேனலின் பயம் நாயகியின் கடந்தகாலத்தைத் திருத்தியது. ஆனால் அதே சேனல் அவளுக்குக் காலத்தையும் கொடுத்தது: ஏழு சீசன்கள், 168 எபிசோடுகள், வாரம் ஒன்று. 1977வரை மேரி வீட்டுக்கு வந்துபோகும் சிநேகிதி மாதிரி இருந்தாள்.

அடுத்த திருப்பம் 2013இல். நெட்ஃபிளிக்ஸ் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரின் 13 எபிசோடுகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. மறு ஆண்டு, டினா ஃபேயும் ராபர்ட் கார்லாக்கும் என்.பி.சி.க்காக எடுத்து முடித்த ஒரு நகைச்சுவைத் தொடர் அதே நெட்ஃபிளிக்ஸுக்குக் கைமாறியது. 2015 மார்ச் 6 அன்று ‘அன்பிரேக்கபிள் கிம்மி ஷ்மிட்’ மொத்தமாக வந்திறங்கியது.

கிம்மியின் கதையைச் சுருக்கிச் சொன்னால் காமெடி என்று யாரும் நம்பமாட்டார்கள். உலகம் அழிந்துவிட்டது என்று பொய் சொல்லி ஒரு போலிப் பாதிரி அவளையும் வேறு சில பெண்களையும் இண்டியானாவில் நிலவறைக்குள் பதினைந்து ஆண்டுகள் அடைத்துவைத்திருக்கிறான். மீண்டு வந்தவள் ஊர் திரும்பாமல் நியூயார்க்கில் தங்கிவிடுகிறாள். எதையும் பத்து நொடி தாங்கிவிடலாம், அது முடிந்ததும் அடுத்த பத்து நொடியைத் தொடங்கலாம் என்பது அவள் கணக்கு. இதை அசட்டு நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. இருட்டறையில் சக்கரம் சுற்றியே கற்றுக்கொண்ட பிழைப்புக்கலை. மேரியின் விவாகரத்துக்கே அஞ்சிய தொழில் இவ்வளவு இருண்ட கடந்தகாலத்தைச் சுமக்கும் நாயகியை ஏற்க நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஸ்ட்ரீமிங் தந்த சுதந்திரத்துக்கு அதில் நிச்சயம் பங்குண்டு.

ஆனால் ஒரு நெருடல். ஒரு எபிசோடு முடிந்ததுமே திரையில் நொடிகள் குறைய ஆரம்பிக்கும். நாம் எழுவதற்குள் அடுத்தது ஓடத் தொடங்கிவிடும். கிம்மி தாங்குவதற்காக நொடிகளை எண்ணினாள், இயந்திரம் நம்மை விடாமலிருக்க எண்ணுகிறது. 13 எபிசோடுகளை ஒரு வார இறுதியில் முடித்துவிட்டு அடுத்த சீசனுக்கு ஓராண்டு காத்திருந்தோம். 2019 ஜனவரியில் தொடர் முடிந்தபோது மொத்தமே 51 எபிசோடுகள். 2020இல் பார்வையாளரே கதையின் போக்கைத் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் படம் ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

நம்பிக்கை என்பது நாளாக நாளாகத்தான் மெய்ப்படும். ஒரு பெண் இந்த வாரம் விழுந்து அடுத்த வாரம் எழுவதைப் பார்க்க, நடுவில் நமக்கும் ஒரு வாரம் கழிய வேண்டும். அந்த ஏழு நாளில் நாமும் எதிலாவது விழுந்து எழுந்திருப்போம். பழைய முறையின் கோழைத்தனம் ஒழிந்ததில் எனக்கு சந்தோஷம்தான். அதோடு சேர்ந்து அந்தக் காத்திருப்பும் போய்விட்டதே என்பதுதான் என் ஆதங்கம். கிம்மி மாதிரி ஒருத்தியோடு வாராவாரம் ஏழு வருஷம் சேர்ந்து வயதாகும் வாய்ப்பு அவளைப் பார்த்த தலைமுறைக்குக் கிடைக்கவே இல்லை.