நிரந்தர நாற்காலியா, திறந்த கதவா? - இ-ஸ்போர்ட்ஸ் லீக்குகளின் கதை

2018-ஆம் ஆண்டு கோடையில், ஒரு மாத இடைவெளியில் இரண்டு பெரிய கணினி விளையாட்டு இறுதிப் போட்டிகள் நடந்தன.

முதலாவது, ஜூலை கடைசியில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள பார்க்லேஸ் சென்டரில். ஓவர்வாட்ச் லீக்கின் முதல் இறுதிப் போட்டி அது. லண்டன் ஸ்பிட்ஃபயர் அணி பிலடெல்ஃபியா ஃபியூஷன் அணியைத் தோற்கடித்துப் பட்டத்தையும் 10 லட்சம் டாலரையும் வாங்கியது.

இரண்டாவது, ஆகஸ்ட் கடைசியில் கனடாவின் வான்கூவரில். டோட்டா 2 ஆட்டத்தின் உலகப் போட்டியான 'தி இன்டர்நேஷனல்'. அதில் ஓஜி என்ற அணி, சீனாவின் பி.எஸ்.ஜி.எல்.ஜி.டி. அணியை 3-2 என்று வென்று சுமார் 1 கோடியே 12 லட்சம் டாலர் பரிசு பெற்றது.

இரண்டும் கணினி விளையாட்டுதான். இரண்டிலும் அரங்கு நிறையக் கூட்டம்தான். ஆனால் அந்த மேடைக்கு வந்து சேர்ந்த வழி மட்டும் முற்றிலும் வேறு. லண்டன் அணியின் இடம் விலை கொடுத்து வாங்கப்பட்டது. ஒவ்வோர் இடத்துக்கும் சுமார் 2 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. ஓஜி அணியோ, யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம் என்ற திறந்த தகுதிச் சுற்றில் ஆடி, ஒவ்வொரு படியாக ஏறி வந்தது.

எந்த வழி சரி? இந்தக் கேள்விக்காக இ-ஸ்போர்ட்ஸ் உலகம் இருபது ஆண்டுகளாக அடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம்.

இரண்டு வழிகள் என்றால் என்ன?

ஐ.பி.எல். தெரிந்தவர்களுக்கு ஃபிரான்சைஸ் முறையை விளக்க வேண்டியதில்லை. 2008-ல் 8 அணிகளை ஏலத்தில் விற்றார்கள். வாங்கியவர் அணி கடைசி இடம் பிடித்தாலும் அடுத்த ஆண்டும் ஆடலாம். வெளியே எவ்வளவு நல்ல அணி இருந்தாலும், அது ஆட்டத்தில் ஜெயித்து உள்ளே வர முடியாது.

இங்கிலாந்தின் கால்பந்து இதற்கு நேர் எதிர். பிரீமியர் லீக்கில் கடைசி மூன்று இடம் பிடிக்கும் அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். கீழே நன்றாக ஆடிய மூன்று அணிகள் மேலே ஏறும். சின்ன ஊரின் சின்ன கிளப்கூட, கணக்குப்படி பார்த்தால், ஒருநாள் உச்சிக்கு வரலாம்.

இ-ஸ்போர்ட்ஸில் இதற்கு மேல் இன்னொரு சிக்கல் உண்டு. கிரிக்கெட் யாருக்கும் சொந்தமில்லை. தெருவில் மட்டையை எடுத்து ஆடினால் யாரும் வந்து உரிமம் கேட்கமாட்டார்கள். கணினி விளையாட்டுக்கு முதலாளி உண்டு. ஆட்டத்தை உருவாக்கிய நிறுவனம் நினைத்தால் விதியை மாற்றலாம், போட்டிக்கு அனுமதி மறுக்கலாம், லீக்கையே இழுத்து மூடலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

கொரியாவில் தொடக்கம்

1998-ல் பிளிசார்ட் நிறுவனம் 'ஸ்டார்கிராஃப்ட்' ஆட்டத்தை வெளியிட்டது. அப்போது தென்கொரியா 1997 பொருளாதார நெருக்கடியில் சிக்கியிருந்தது. வேலை இழந்தவர்கள் பலர் 'பிசி பாங்' எனப்படும் கணினி மையங்களைத் திறந்தார்கள். இளைஞர்கள் மணிக்கணக்கில் அங்கே உட்கார்ந்து ஸ்டார்கிராஃப்ட் ஆடினார்கள். விரைவிலேயே தொலைக்காட்சியில் தனி சேனல், சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள், ரசிகர் மன்றங்கள் என்று அது வளர்ந்தது.

கொரியாவில் இரண்டு வழிகளும் அருகருகே இருந்தன. 2003-ல் தொடங்கிய புரோலீக், பெரிய நிறுவனங்கள் நடத்திய அணிகளின் லீக். எஸ்.கே. டெலிகாம், கே.டி., சாம்சங் எல்லாம் அதில் இருந்தன. தனிநபர் போட்டியான ஸ்டார்லீக்குக்கோ பிசி பாங்கில் நடந்த தகுதிச் சுற்றுகள் வழியாக வர வேண்டும். நேற்றைய சாம்பியனே சறுக்கினால் மறுபடியும் பிசி பாங்கில் வந்து உட்கார வேண்டும்! சம்பளத்துக்கு ஒரு வழி, பட்டத்துக்கு ஒரு வழி என்று இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக இருந்தன. 2004-ல் பூசான் நகரின் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த புரோலீக் இறுதிப் போட்டிக்கு ஒரு லட்சம் பேர் வந்ததாகச் சொல்லப்பட்டது.

ஆனால் ஆட்டம் யாருடையது என்ற கேள்வி அங்கேயும் வெடித்தது. ஒளிபரப்பு உரிமையைக் கொரிய இ-ஸ்போர்ட்ஸ் சங்கம் விற்றது. "ஆட்டம் எங்களுடையது, விற்க நீங்கள் யார்?" என்ற தோரணையில் பிளிசார்ட் சண்டைக்கு வந்தது. வழக்கு வரை போன இந்தத் தகராறு 2011-ல்தான் சமரசத்தில் முடிந்தது. புரோலீக் 2016-ல் நின்றுபோனது.

அமெரிக்காவின் முதல் முயற்சி

2007-ல் டைரக்டிவி நிறுவனம் சாம்பியன்ஷிப் கேமிங் சீரிஸ் என்ற லீக்கைத் தொடங்கியது. நகரத்தின் பெயரில் அணிகள், ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் விழா, உறுதியான சம்பளம் என்று எல்லாமே அமெரிக்க விளையாட்டு லீக்குகளின் பாணி. இன்னும் ஒரு படி மேலே போய், எல்லா அணிகளுக்கும் லீக்கே சொந்தக்காரர்!

அதுவரை சொந்தக் காசில் ஊர் ஊராகப் போய் ஆடிய இளைஞர்களுக்கு மாதச் சம்பளம் என்பது கனவு போல இருந்தது. பலர் தங்கள் பழைய அணியை விட்டு அங்கே போனார்கள். 2008 நவம்பரில் லீக் மூடப்பட்டது. இரண்டே பருவங்கள்தான். எல்லா அணிகளும் ஒரே முதலாளியிடம் இருந்ததால், அவர் கையை விரித்ததும் எல்லாமே ஒரே நாளில் போயின. அவர்கள் விட்டு வந்த பழைய அணிகளோ ஏற்கெனவே நலிந்திருந்தன.

கதவு திறந்திருந்த காலமும் மூடிய காலமும்

ரயட் நிறுவனத்தின் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் ஆட்டத்துக்கு 2013-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எல்.சி.எஸ். என்ற லீக் தொடங்கியது. அதில் கீழே இருக்கும் அணிகள், வெளியிலிருந்து வரும் அணிகளோடு மோதித் தங்கள் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த முறையின் பலன் முதல் ஆண்டிலேயே தெரிந்தது. முதல் பருவத்துக்குத் தகுதி பெறாத சில ஆட்டக்காரர்கள், கிளவுட்9 என்ற பெயரில் இரண்டாவது பருவத்துக்குள் நுழைந்தார்கள். 28 ஆட்டங்களில் 25-ல் வெற்றி! அமெரிக்கப் பட்டமும் அவர்களுக்கே. கதவு மூடியிருந்தால் அந்த அணியே வெளியே தெரிந்திருக்காது.

ஆனால் எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. ஒரே ஒரு வாரம் மோசமாக ஆடினால் அணியின் வருமானமே போய்விடும். லீக்கில் இல்லாத அணிக்கு எந்த விளம்பரதாரர் பணம் தருவார்? இந்தப் பயத்தில் எந்த உரிமையாளரும் நீண்ட காலத் திட்டம் போடமாட்டார். இளம் ஆட்டக்காரரை எடுத்து இரண்டு ஆண்டு பொறுமையாக வளர்ப்பதற்குப் பதிலாக, இன்றைக்கு ஜெயித்துத் தருபவரைத் தேடுவார். இது நியாயமான குறைதான்.

ஆகவே 2018-ல் அமெரிக்க எல்.சி.எஸ். ஃபிரான்சைஸ் முறைக்கு மாறியது. ஏற்கெனவே இருந்த அணிகளுக்கு 1 கோடி டாலர், புதியவற்றுக்கு 1 கோடியே 30 லட்சம் டாலர். ஐரோப்பா 2019-லும் கொரியா 2021-லும் அதே வழிக்கு வந்தன. இறங்கும் பயம் போனது. கூடவே கீழிருந்து ஏறும் ஆசையும் போனது.

ரன்அவே என்ற அணி

இந்த இடத்தில் ஓர் அணியின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பிளிசார்ட் 2016-ல் வெளியிட்ட ஓவர்வாட்ச் ஆட்டத்துக்குக் கொரியாவில் 'ஏபெக்ஸ்' என்ற போட்டி உடனே தொடங்கியது. ரன்னர் என்ற பெயரில் இணையத்தில் ஆட்டத்தை ஒளிபரப்பிக்கொண்டிருந்த ஓர் இளைஞரும், ஃபிளவர்வின் என்ற பெயரில் அறியப்பட்ட அவர் மனைவியும் சேர்ந்து நடத்திய அணி ரன்அவே. பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. இளஞ்சிவப்புச் சட்டைகளோடு மேடைக்கு வந்த அந்தப் பையன்கள் இரண்டு முறை இறுதிப் போட்டிக்கு வந்து இரண்டு முறையும் தோற்றார்கள். கொரிய ரசிகர்கள் அவர்களை விரும்பியதற்கு அந்தத் தோல்விகளும் ஒரு காரணம். 2017 அக்டோபரில் இரண்டாவது தடவை அவர்களைத் தோற்கடித்தது ஜி.சி. பூசான். ஏபெக்ஸில் நுழைந்த முதல் பருவத்திலேயே பட்டம் வென்ற அணி அது.

2018 ஜனவரியில் 12 அணிகளோடு ஓவர்வாட்ச் லீக் தொடங்கியது. அமெரிக்கக் கால்பந்து அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் உரிமையாளர் ராபர்ட் கிராஃப்ட் போன்ற பெரும் பணக்காரர்கள் அணிகளை வாங்கினார்கள். ஆட்டக்காரர்களுக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 50,000 டாலர். ஜி.சி. பூசான் ஆட்டக்காரர்களை லண்டன் அணி எடுத்துக்கொண்டது. 'லண்டன்' என்பது பெயரில் மட்டும்தான். புரூக்ளினில் கோப்பை வாங்கியவர்கள் எல்லாரும் கொரியர்கள். பருவம் முழுக்க ஆடியதோ கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகரில். இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான 'பிராஃபிட்' பூசான் அணியிலிருந்து வந்தவர்தான்.

கவனியுங்கள். மூடிய லீக்கின் முதல் பட்டத்தை வென்று கொடுத்தவர்கள், திறந்த கதவு வழியாக வந்து வளர்ந்தவர்கள்.

ரன்அவே அணிக்கு லீக்கில் இடம் இல்லை. 'கண்டெண்டர்ஸ்' என்ற இரண்டாம் நிலைப் போட்டியில்தான் ஆட வேண்டியிருந்தது. 2018-ல் கொரிய கண்டெண்டர்ஸ் பட்டத்தை ஒருவழியாக வென்றார்கள். ஆனால் பட்டம் வென்றாலும் மேலே ஏறும் வழி கிடையாது. கடைசியில் வான்கூவர் டைட்டன்ஸ் என்ற புதிய ஃபிரான்சைஸ் மொத்த ஆட்டக்காரர்களையும் வாங்கியது. 2019-ல் அவர்கள் லீக்கின் இறுதிப் போட்டிக்கே வந்தார்கள். மேலே இருந்தவர்களோடு சமமாக ஆடக்கூடியவர்கள்தான் கீழே ஒரு வருடம் காத்திருந்தார்கள் என்பது இதில் நிரூபணமானது. ஆனால் மேலே வந்தது ஆட்டக்காரர்கள் மட்டுமே. ரன்அவே என்ற பெயர் மேலே வரவில்லை. 2020 மே மாதம் டைட்டன்ஸ் தன்னிடம் இருந்த ஆட்டக்காரர்கள் எல்லாரையும் மொத்தமாக விடுவித்தது.

நாற்காலி நிரந்தரமா?

2019-ல் லீக் 20 அணிகளாக விரிந்தது. ஒவ்வோர் ஊரிலும் சொந்த அரங்கில் ஆடித் தருவதாகச் சொன்ன திட்டம் 2020-ல் கொரோனாவில் நின்றுபோனது. ஆட்டத்தின் அடுத்த பாகமான ஓவர்வாட்ச் 2 வர 2022 அக்டோபர் ஆகிவிட்டது. பார்வையாளர் குறைந்தார்கள்.

2023-ல் அணிகளிடம் வாக்கெடுப்பு. 'தொடர வேண்டாம் என்றால் ஒவ்வோர் அணிக்கும் 60 லட்சம் டாலர் தருகிறோம்' என்றது நிறுவனம். லீக் முடிந்தது. 2 கோடி டாலர் கொடுத்து வாங்கிய நிரந்தர நாற்காலி ஆறு பருவங்கள்தான் இருந்தது. முன்னே சொன்ன விஷயம் இங்கேதான் வருகிறது. அணி உரிமையாளர்கள் வாங்கியது கட்டடத்தில் ஓர் அறையை. கட்டடம் வேறொருவருடையது.

2024-ல் அதே ஆட்டத்துக்கு ஓவர்வாட்ச் சாம்பியன்ஸ் சீரிஸ் என்ற புதிய போட்டி வந்தது. அதில் நுழையத் திறந்த தகுதிச் சுற்று!

திறந்த வழியின் மறுபக்கம்

அப்படியானால் திறந்த போட்டிதான் சரி என்று முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம்.

ஓஜியின் கதையையே எடுத்துக்கொள்வோம். 2018 மே கடைசியில் அந்த அணியிலிருந்து இரண்டு முக்கிய ஆட்டக்காரர்கள் விலகி வேறு அணிக்குப் போய்விட்டார்கள். பயிற்சியாளராக இருந்தவரே ஆட்டக்காரராக உட்கார்ந்தார். பெரிய மேடை அனுபவமே இல்லாத 'டாப்சன்' என்ற பின்லாந்து இளைஞர் சேர்ந்தார். அந்த அணி திறந்த தகுதிச் சுற்றில் தொடங்கி, வழியில் தன்னைவிட்டுப் போன இருவரின் அணியையும் வீழ்த்தி, உலகப் பட்டம் வென்றது. 2019-லும் வென்று, இரண்டு முறை வென்ற முதல் அணி ஆனது. சினிமாவில் வைத்தால் நம்பமாட்டார்கள்.

ஆனால் அதே தகுதிச் சுற்றில் தோற்ற மற்ற அணிகளின் கதையை யார் எழுதுவது? டோட்டாவில் பணம் முழுக்க உச்சியில் குவிந்தது. 2019-ல் மொத்தப் பரிசு சுமார் 3 கோடியே 43 லட்சம் டாலர். அதில் ஏறக்குறைய பாதி, முதலிடம் பிடித்த ஓர் அணிக்கு. அந்தப் பரிசுத் தொகையும் ரசிகர்கள் ஆட்டத்துக்குள் வாங்கும் பொருட்களிலிருந்து வந்ததுதான். அந்த முறையை மாற்றியதும் 2023-ல் அது சுமார் 30 லட்சத்துக்குச் சரிந்தது. கதவு திறந்திருந்தால் போதாது. உள்ளே வருகிறவருக்குச் சாப்பாடும் வேண்டும்.

இனி?

இப்போது இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நடுவே வருகின்றன. ரயட்டின் வேலரண்ட் ஆட்டத்தில் 2023 முதல் நுழைவுக் கட்டணம் இல்லாமல் 30 பங்குதாரர் அணிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியாவின் குளோபல் இ-ஸ்போர்ட்ஸும் அதில் ஒன்று. கூடவே 'அசென்ஷன்' என்ற போட்டி வழியாகக் கீழிருந்து ஏறவும் வழி வைத்தார்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட்டத்தில் வால்வ் நிறுவனம் 2025 முதல் ஒரு விதி கொண்டுவந்தது. போட்டி நடத்துபவர்களுக்கும் அதில் ஆடும் அணிகளுக்கும் வியாபாரத் தொடர்பு இருக்கக் கூடாது. அழைப்பு தரவரிசைப்படி, இல்லையென்றால் திறந்த தகுதிச் சுற்று.

இந்த வரலாற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஃபிரான்சைஸ் முறை பாதுகாப்பை விற்றது. வாங்கியவர்கள் முதலாளிகள். அவர்களுக்கே அது முழுசாகக் கிடைக்கவில்லை. ஆட்டக்காரர்களுக்குச் சில ஆண்டுச் சம்பளம் கிடைத்தது, அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சம்பளம் கொடுப்பதற்காகக் கதவை மூட வேண்டிய அவசியம் இருந்ததா? கொரியாவில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே சம்பளம் தரும் லீக்கும் பிசி பாங் தகுதிச் சுற்றும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன.

ரன்அவே பையன்களுக்குப் பணக்கார முதலாளி தேவைப்பட்டது உண்மைதான். அதற்கு முன்னால் அவர்களுக்குத் தேவைப்பட்டது, ஜெயித்தால் மேலே போகலாம் என்ற ஒரே ஒரு விதி. அதை எழுதுவதற்கு 2 கோடி டாலர் செலவாகாது.

உங்கள் கருத்து என்ன? நீங்கள் ஓர் அணி வைத்திருந்தால் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பீர்கள்? அணியே இல்லாமல், கையில் ஒரு கணினி மட்டும் இருந்தால்?