விசாகா தீர்ப்பு வந்த வழி

சென்ற பொங்கலன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பக்கத்து பிளாக் பெண், குர்காவுனில் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவள், பேச்சுவாக்கில் சொன்னாள்: "மாமி, ஆபீஸ்ல பாலியல் தொல்லைச் சட்டம் பத்தி ஒரு மணி நேர டிரெயினிங். கம்ப்யூட்டர்ல தட்டித் தட்டி முடிச்சுட்டேன்." அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று சொன்னார்களா என்று கேட்டேன். இல்லையாம். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

கதை தொடங்குவது பார்லிமெண்டில் அல்ல, ஜெய்ப்பூர் பக்கத்துப் பட்டேரி கிராமத்தில். பன்வாரி தேவி என்ற குயவர் சமூகத்துப் பெண், ராஜஸ்தான் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' ஆக வேலை பார்த்தார். சாத்தின் என்றால் தோழி என்பதை இங்கே இந்தி கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சம்பளம் என்று சொல்ல முடியாத சொற்ப மதிப்பூதியம். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அவர் வேலைகளில் ஒன்று. நமக்கு அட்சய திருதியை என்றால் நகைக்கடை. ராஜஸ்தான் கிராமங்களில் அந்நாளில் பச்சைக் குழந்தைகளுக்கும் கல்யாணம் நடந்துவந்தது. 1992-ல் ஒரு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தையின் கல்யாணத்தை நிறுத்தப் பன்வாரி முயன்றார். போலீஸ் வந்தும் கல்யாணம் நடக்காமல் போகவில்லை. ஊர் அவரை ஒதுக்கி வைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று, வயலில் கணவரின் கண்ணெதிரே, ஆதிக்க சாதியைச் சேர்ந்தவர்கள் அவரைக் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள் என்பது அவர் கொடுத்த புகார்.

1995 நவம்பரில் கீழ்க்கோர்ட் ஐந்து பேரையும் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. உயர்ந்த சாதிக்காரர் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார் என்கிற ரீதியில் போயிற்று அந்தத் தீர்ப்பின் வாதம். படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

இதற்கிடையே 'விசாகா' முதலிய பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை நாடியிருந்தன. அவர்கள் கேட்டது வேறு: வேலை செய்ததற்காகவே ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்ந்தால், வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பில்லையா? 1997 ஆகஸ்ட் 13 அன்று தலைமை நீதிபதி ஜே.எஸ்.வர்மா, நீதிபதிகள் சுஜாதா மனோகர், பி.என்.கிர்பால் ஆகியோர் அதற்கு விடை சொன்னார்கள். தனிச் சட்டம் வரும்வரை இவையே சட்டம் என்று நெறிமுறைகளை வகுத்தார்கள். இந்தியா 1993-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. பெண்ணுரிமை உடன்படிக்கையை அதற்குத் துணையாகக் கொண்டார்கள்.

அதற்கு முன் எங்களுக்கு என்ன இருந்தது? எந்த அதிகாரியின் ரூமுக்குத் தனியாகப் போகக் கூடாது என்று பெண்களுக்குள் ஒரு ரகசியப் பட்டியல். அவ்வளவுதான். மிஞ்சினால் போலீஸ் ஸ்டேஷன். அதற்கு எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? "பாத்தும் பாக்காத மாதிரி இருந்துடு" என்றுதான் என் அம்மா சொல்லி அனுப்பினாள்.

1999-ல் வந்த இன்னொரு தீர்ப்பு டில்லி சம்பந்தப்பட்டது. ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் ஒன்றில் பெண் ஊழியரிடம் முறைகேடாக நடந்த அதிகாரியை வேலைநீக்கம் செய்திருந்தார்கள். முயன்றாரே தவிரத் தொடவில்லை என்று உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொல்ல, உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, வேலைநீக்கமே சரி என்றது. தொடுவது மட்டுமே தொல்லை அல்ல என்பது அன்று உறுதியாயிற்று.

தனிச் சட்டம் 2013-ல்தான் வந்தது. டிசம்பர் 9 முதல் அமல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு வேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டலாம். நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அது பொய்ப் புகார் ஆகிவிடாது. பலருக்கும் தெரியாத இடம் இது.

ஊதியம் இல்லாமல் தொண்டாக வேலை செய்பவரும் இச்சட்டப்படி பணியாளரே. இதைப் படித்தபோது எனக்குப் பன்வாரியின் மதிப்பூதியம்தான் நினைவுக்கு வந்தது. வீட்டு வேலை செய்பவரும் இதில் அடக்கம். அதாவது, நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்கு நம் வீடுதான் பணியிடம். அவர் புகார் தர மாவட்ட அளவில் தனிக் குழு உண்டு. சங்கத்து மகளிர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"அந்த அம்மாவுக்கு என்ன கிடைச்சுது மாமி?" என்று கேட்டாள் அந்தப் பெண். விடுதலையை எதிர்த்த மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலர் அதற்குள் இறந்தே போனார்கள் என்றேன்.

போன வாரம் அவள் போன் செய்தாள். ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் குழு உறுப்பினர் பட்டியலைத் தேடிப் பார்த்தாளாம். பட்டியல் இருக்கிறது. அதில் முதல் பெயருக்குரியவர் இரண்டு வருஷத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போய்விட்டாராம்.